ஷின்சான் சாகவில்லை: அனிமே குறியீடும் ஃபேன் தியரியும், புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். என்னைக் கண்டால் ஓடிவந்து போனைப் பிடுங்குகிறவன், அன்றைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஷின்சான் செத்துப்போயிட்டானாமே, நிஜமா?"

யாரோ ஒரு பெரிய பையன் வீடியோ காட்டியிருக்கிறான். உங்களுக்கும் ஏதாவது ஒரு குரூப்பில் வந்திருக்கும். தங்கை ஹிமாவாரியை வண்டியில் அடிபடாமல் காப்பாற்றப்போய் ஷின்சான் இறந்துவிட்டானாம், துக்கம் தாங்காத அம்மா அவன் விட்டுப்போன கிரேயான்களை எடுத்து அவன் சேட்டைகளை எல்லாம் படமாக வரைந்தாளாம், அதனால்தான் தொடருக்கு 'கிரேயான் ஷின்சான்' என்று பெயராம். பின்னணியில் ஒரு சோகப் பியானோ. எட்டு வயசுப் பையன் அழாமல் என்ன செய்வான்?

இதில் எதுவும் உண்மையில்லை. தொடரை 1990இல் வரைய ஆரம்பித்தவர் யோஷிதோ உசுயி என்ற ஓவியர். கிரேயான் என்பது ஐந்து வயசுப் பையன் கையில் எப்போதும் இருக்கிற பொருள், அவ்வளவுதான். இந்தக் கதையில் நிஜமான சாவு ஒன்று உண்டு, அது உசுயியுடையது. 2009 செப்டம்பரில் மலையேறப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். அடுத்த வருஷத்திலிருந்து அவருடைய உதவியாளர்கள் அந்த மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, தொடர்ந்து வரைகிறார்கள். வீடியோ போட்டவருக்கு இதைப் பற்றி ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை.

பையனை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டேன். ஆனால் 'ஃபேன் தியரி' என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைப்பது எனக்கு வருத்தம். நல்ல தியரியும் இருக்கிறது. நல்லது எது, சும்மா பயம் காட்டுவது எது என்று பிரித்துப் பார்க்க, முதலில் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் குறியீடு.

ஒரு தமிழ்ப் படத்தில் கணவன் ஊருக்குக் கிளம்பிப் போகிறான், வீட்டில் மனைவி கையிலிருந்து குங்குமச் சிமிழ் நழுவிக் கீழே கொட்டுகிறது. அடுத்த காட்சி என்ன என்று யாராவது உங்களுக்கு விளக்க வேண்டுமா? தியேட்டரில் பக்கத்து சீட்டுப் பாட்டி அதற்குள் 'ஐயோ' என்று சொல்லியிருப்பார். இது குறியீடு. இயக்குநருக்கும் பார்க்கிறவருக்கும் இடையே ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதே படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, 'அந்தக் கணவன் சாகவில்லைடா, பாதியில் வருகிற அந்தச் சாமியார் யார் தெரியுமா?' என்று டீக்கடையில் ஒருவன் ஆரம்பித்தால் அது தியரி. குறியீடு படைத்தவர் வைத்தது. தியரி பார்த்தவர் கட்டியது.

அனிமேயில் நமக்குச் சிக்கல் எங்கே வருகிறதென்றால், குங்குமம் கொட்டுவது போன்ற ஜப்பானியக் காட்சிகள் நம் கண்ணுக்குப் படுவதே இல்லை. அங்கே இருக்கிற ஒரு பள்ளிப் பையன் யோசிக்காமலே புரிந்துகொள்வதை நாம் சாதாரணமாகத் தாண்டிப் போகிறோம். சாதாரணமானதைப் பெரிய மர்மமாக்கி மணிக்கணக்கில் வீடியோ போடுகிறோம்.

(இனி வருவதில் மை நெய்பர் டொட்டோரோ, நருட்டோ, ஒன் பீஸ் மூன்றுக்கும் ஸ்பாய்லர் உண்டு. நருட்டோவைப் பாதியில் வைத்திருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், நான் எங்கும் போகமாட்டேன்.)

டொட்டோரோ எமனா?

ஸ்டுடியோ கிப்லிக்காக ஹயாவ் மியாசாகி எடுத்த படம், 1988இல் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில், அப்பாவோடு கிராமத்து வீட்டுக்கு வரும் அக்கா சட்சுகி, நாலு வயசுத் தங்கை மேய், அப்புறம் காட்டுக்குள் பெரிய கற்பூர மரத்தடியில் தூங்கும் அந்தக் குண்டு உயிரினம். கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கடைசியில் மேய் தொலைந்துபோகிறாள், அக்கா தேடி ஓடுகிறாள், பூனை வடிவப் பேருந்து ஒன்று வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்த் தங்கையிடம் சேர்க்கிறது.

இந்த இனிமையான படத்துக்கு இணையத்தில் ஒரு கொடூரமான தியரி உண்டு. டொட்டோரோ சாவின் தெய்வம், மேய் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டாள், சட்சுகி தங்கையைத் தேடி மறு உலகத்துக்கே போய்விடுகிறாள் என்பது. சொல்கிற ஆதாரங்களைக் கேட்டால் முதல் தடவை யாருக்கும் புல்லரிக்கும். சட்சுகி என்பது ஜப்பானிய மொழியில் ஐந்தாம் மாதத்தின் பழைய பெயர், மேய் என்பது ஆங்கில மே மாதம், ஆக இருவர் பெயரும் மே. 1963 மே மாதம் ஜப்பானின் சயாமா ஊரில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். படத்தின் கதை நடப்பது அந்தச் சயாமா மலைப்பகுதியைப் பார்த்து உருவாக்கிய இடத்தில். குளத்தில் ஒரு குழந்தையின் செருப்பு கிடைக்கிறது. பூனைப் பேருந்தின் நெற்றிப் பலகையில் ஊர்ப்பெயர்கள் மாறும்போது 'கல்லறைப் பாதை' என்று ஒன்று வருகிறது. கடைசிக் காட்சிகளில் பிள்ளைகளுக்கு நிழலே இல்லை!

நானும் இதை நம்பினேன். ஏறக்குறைய இரண்டு வருஷம், யார் டொட்டோரோ பொம்மை வைத்திருந்தாலும் மேதாவி மாதிரி இந்தக் கதையைச் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் காற்று இறங்கிவிடுகிறது. பெயரில் மர்மம் இல்லை. மியாசாகி முதலில் யோசித்தது ஒரே ஒரு சிறுமியை. அவளைத்தான் பிற்பாடு அக்கா தங்கை என்று இரண்டாகப் பிரித்தார், அதனால் ஒரே பெயரும் இரண்டாகப் பிரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் டொட்டோரோ பக்கத்தில் ஒற்றைச் சிறுமி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற போஸ்டரை உற்றுப் பாருங்கள், அவள் சட்சுகியும் இல்லை, மேயும் இல்லை, இருவரும் கலந்த அந்தப் பழைய சிறுமி. செருப்பு? படத்திலேயே சட்சுகி அதைப் பார்த்துவிட்டு இது மேய் செருப்பு இல்லை என்று சொல்கிறாள். நிழல்? வதந்தி பெரிதாகி ஆட்கள் ஸ்டுடியோவையே கேட்க ஆரம்பித்ததும், 2007இல் கிப்லியே பதில் எழுதியது. டொட்டோரோ சாவின் தெய்வம் இல்லை, மேய் சாகவில்லை, அந்தக் காட்சிகளுக்கு நிழல் தேவையில்லை என்று வரையும்போது முடிவு செய்தோம், விஷயம் அவ்வளவுதான் என்று.

இதைச் சொன்னாலும் தியரிக்காரர்கள் விடமாட்டார்கள். பட முடிவில் பெயர்கள் ஓடும்போது அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவதும் பிள்ளைகள் அவளோடு இருப்பதும் படங்களாக வருகின்றனவே என்று கேட்டால், அது பழைய நினைவு என்பார்கள். கிப்லி மறுத்துவிட்டதே என்றால், பின்னே ஒத்துக்கொள்வார்களா என்பார்கள். எந்த எதிர் ஆதாரத்தைக் கொடுத்தாலும் அதையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற தியரி, என்னைக் கேட்டால், தியரியே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொட்டோரோ வெளியானபோது கிப்லியின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தையும் சேர்த்து, ஒரே காட்சியில் இரண்டு படமாகத்தான் ஓட்டினார்கள். அதில் அண்ணனும் தங்கையும் சாகிறார்கள். படம் ஆரம்பிக்கும்போதே அந்தப் பையன் தான் செத்த தேதியைச் சொல்லிவிடுகிறான். குழந்தைகளின் சாவை நேருக்கு நேர் காட்டத் துணிந்த ஸ்டுடியோ, பக்கத்துப் படத்தில் நிழலை அழித்துவிட்டு ரகசியமாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

சரி, தியரியை விடுங்கள். அது தவறவிட்ட குறியீடுதான் எனக்கு முக்கியம். பூனைப் பேருந்து போய் நிற்கும்போது மேய் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கவனித்தீர்களா? சாலையோரம் வரிசையாக ஆறு சின்னக் கற்சிலைகள். அதன் காலடியில் சோளக்கதிரைக் கட்டிக்கொண்டு அழுதபடி இருக்கிறாள். அந்தச் சிலைகள் ஜிசோ. ஜப்பானில் ஊர் எல்லையில், முச்சந்தியில், கல்லறை வாசலில், எங்கு பார்த்தாலும் இருப்பார், மொட்டைத் தலை, பல சமயம் கழுத்தில் யாரோ கட்டிவிட்ட சிவப்புத் துணி. வழிப்போக்கர்களுக்கும் குழந்தைகளுக்கும் காவல். படத்தில் இதற்கு முன்பே ஒரு தடவை வந்துவிட்டார்: மழையில் மாட்டிக்கொண்ட அக்காவும் தங்கையும் ஒரு சின்ன ஜிசோ கூரைக்குக் கீழே ஒதுங்குவார்கள், சட்சுகி கைகூப்பி, 'ஜிசோ சாமி, கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கிறோம்' என்று அனுமதி கேட்பாள். அன்றைக்கு மழைக்கு இடம் கொடுத்தவர் இன்றைக்கு வழிதவறிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர் முழுக்கக் குளத்தில் துழாவிக்கொண்டிருக்க, அவள் ஜிசோவின் காலடியில் இருக்கிறாள் என்றால் ஜப்பானியப் பார்வையாளருக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி.

ஆனால் முழுதும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் வீடியோக்காரன் ஆகிவிடுவேன். ஜிசோ இறந்த குழந்தைகளுக்கும் காவல்தான். பெற்றோருக்கு முன்னால் இறந்துபோகிற பிள்ளைகள் மறு உலக ஆற்றங்கரையில் கல்மேல் கல்லாக அடுக்கிக்கொண்டிருக்கும், பேய்கள் வந்து தட்டிவிடும், ஜிசோ வந்து பிள்ளைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துக்கொள்வார் என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஆக அந்தக் காட்சியில் சாவின் பயமும் இருக்கிறது. மியாசாகி அந்தப் பயத்தை ஓரமாக நிற்க வைத்துவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுக்கிறார். தியரிக்காரர்கள் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

பெயரிலேயே கதை முடிந்துவிடும்

நருட்டோவுக்கு வருவோம். மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வரைந்த மங்கா, 700 அத்தியாயம். இதில் புதியவர்கள் முதலில் மயங்குவது இட்டாச்சியிடம்தான். தன் குலத்தையே ஒரே இரவில் வெட்டிச் சாய்த்துவிட்டுத் தம்பி ஒருவனை மட்டும் விட்டுவைத்தவன். இட்டாச்சி என்றால் ஜப்பானிய மொழியில் மரநாய் மாதிரி ஒரு சின்ன விலங்கு. நம் ஊரில் பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுப் போவோம் இல்லையா, அங்கே இட்டாச்சி குறுக்கே போனால் உறவு அறுந்துபோகும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சேதி வராமல் போகும் என்று ஒரு பழம்பேச்சு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்று யோசியுங்கள்.

அவனுடைய மூன்று பெரிய வித்தைகள்: அமத்தெராசு, சுகுயோமி, சுசானோ. ரசிகர்கள் இதை உச்சரிப்பதோடு சரி. ஜப்பானின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான கொஜிக்கியில், அதாவது 712இல் எழுதி முடித்ததில், இந்த மூவரும் கூடப்பிறந்தவர்கள். தந்தைத் தெய்வம் இசானகி பாதாளத்துக்குப் போய்விட்டுத் தீட்டுக் கழிக்க முகம் கழுவும்போது, இடக் கண்ணிலிருந்து சூரிய தேவி அமத்தெராசு, வலக் கண்ணிலிருந்து நிலா தெய்வம் சுகுயோமி, மூக்கிலிருந்து புயல்காரன் சுசானோ. கண்ணில் வித்தை வைத்திருக்கும் ஒரு குலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே தேடினாலும் கிடைக்காது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். அந்தச் சுசானோ புராணத்தில் செய்த மிகப்பெரிய வேலை, எட்டுத் தலைப் பாம்பு ஒன்றைக் கொன்றது. பாம்பின் பெயர் யமாட்டா நோ ஒரோச்சி. எட்டுத் தொட்டியில் சாக்கே மதுவை நிரப்பி வைத்தான், எட்டுத் தலையும் ஆளுக்கொரு தொட்டியில் குடித்துவிட்டு மயங்கியதும் துண்டு துண்டாக வெட்டினான், வாலை வெட்டும்போது உள்ளேயிருந்து குசானகி என்ற வாள் கிடைத்தது. இப்போது நருட்டோவில் பாம்பு மனிதனாக வருகிறவன் பெயர் ஒரோச்சிமாரு. கையில் குசானகி வாள். உயிரோடு விடப்பட்ட அந்தத் தம்பி சசுகேயும் இட்டாச்சியும் மோதும்போது, சசுகேயின் உடலிலிருந்து ஒரோச்சிமாரு எட்டுத் தலை வெள்ளைப் பாம்பாக வெளியே வருகிறான். எதிரே இட்டாச்சி எழுப்புவது சுசானோ.

ஒரு நாடகத்தில் இரணியன் என்று பெயர் வைத்த ஒருவன் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று சவால் விட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதே உணர்வுதான் ஜப்பானிய வாசகருக்கு அந்தப் பக்கத்தில். பாம்புக்கு இன்னும் நாலு பக்கம்தான் ஆயுள் என்று தெரிந்துவிடும். சுசானோ தலைகளை வெட்டுகிறது, கடைசியில் ஒரோச்சிமாருவைக் குத்தும் வாள் ஒரு மதுக்குடுக்கையிலிருந்து வருகிறது, குத்துப்பட்டவன் தீராத போதைக் கனவுக்குள் அடைபட்டுவிடுவான் என்று விளக்கம். தொட்டித் தொட்டியாய் ஊற்றின அந்தச் சாக்கே குடுக்கைக்குள் வந்துவிட்டது! இதெல்லாம் தெரியாமல் முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது 'ஏதோ பெரிய சண்டை', அவ்வளவே.

ஜெயித்த தியரி ஒன்று

இதே நருட்டோவில்தான் நல்ல ஃபேன் தியரிக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணமும் இருக்கிறது. சுழல் போட்ட ஆரஞ்சு முகமூடியோடு டோபி என்று ஒரு கோமாளி வருவான். முகமூடியில் ஒரே ஓட்டை, வலக் கண்ணுக்கு. அவன் யார்? சின்ன வயசில் பாறை விழுந்து இறந்துபோனதாகக் காட்டிய, நருட்டோவின் ஆசிரியர் ககாஷியின் நண்பன் ஒபிடோதான் அவன் என்று ரசிகர்களில் ஒரு கூட்டம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒபிடோ சாகும்போது இடக் கண்ணை ககாஷிக்குக் கொடுத்தான், மிஞ்சியது வலக் கண்.

பெயரைப் பாருங்கள், இது நமக்கு இங்கிலீஷ்காரர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும். ஜப்பானியரின் கானா எழுத்தும் நம் உயிர்மெய் மாதிரி ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஒ, பி, டோ. பின்னாலிருந்து படியுங்கள்: டோ, பி, ஒ. கடைசி எழுத்தைத் தூக்கிவிட்டால் டோபி.

எதிர்த்தவர்களிடமும் நல்ல வாதம் இருந்தது என்பதுதான் இதில் அழகு. பாறை நசுக்கியது வலப் பாதியைத்தானே, அப்புறம் வலக் கண் எப்படி மிஞ்சும் என்று கேட்டார்கள். வயது ஒத்துவரவில்லை என்றார்கள், அவனே தன்னை வேறொரு பெயரில் அழைத்துக்கொள்கிறானே என்றார்கள். தியரி தோற்றுப்போக எல்லா வாய்ப்பும் இருந்தது. 2012இல் முகமூடி உடைந்தது, ஒபிடோ. வலப் பக்க முகம் முழுக்க நசுங்கிய தழும்பு.

ஷின்சான் தியரியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒபிடோ தியரி கதைக்குள்ளேயே இருக்கும் பொருளை எடுத்துக் கட்டியது, எந்தக் கேள்விக்கு உடையும் என்று எல்லாருக்கும் தெரிந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று துணிந்து சொன்னது. 'எல்லாரும் செத்துட்டாங்க', 'எல்லாம் கோமாவில் கண்ட கனவு' வகையறாக்கள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, போக்கிமானிலிருந்து டோரேமான் வரை எந்தத் தொடருக்கும் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வடகிழக்கு மூலை

கடற்கொள்ளையர் கதையான ஒன் பீஸில் குறியீடும் தியரியும் கைகோத்துப் போகும் இடம் ஒன்று உண்டு. கடற்படையின் மூன்று அட்மிரல்கள்: அவோகிஜி, கிசாரு, அகாய்னு. நீலக் காட்டுக்கோழி, மஞ்சள் குரங்கு, சிவப்பு நாய் என்று பொருள். (மூன்று பேர் முகமும் பழைய ஜப்பானிய சினிமா நடிகர்களைப் பார்த்து ஒன் பீஸின் ஆசிரியர் எய்ச்சிரோ ஓடா வரைந்தது, அது தனிக் கதை.) கோழி, குரங்கு, நாய் என்றதுமே ஜப்பானியக் குழந்தைக்குத் தெரிந்துவிடும், இது மொமோட்டாரோ. பீச் பழத்திலிருந்து பிறந்த அந்தப் பையன் தினைமாவு உருண்டையைக் கொடுத்து இந்த மூன்று பேரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஒனி என்ற கொம்பு வைத்த அரக்கர்களின் தீவுக்குப் போய்ச் சண்டை போடும் நாட்டுக் கதை. ஓடாவே பின்னால் வானோ நாட்டுக் கதையில் ஒனி தீவு, மொமோனோசுகே என்ற பையன், விலங்குகளை வசமாக்கும் உருண்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

சரி, அட்மிரல்களில் இடம் காலியானதும் புதிதாக வந்தவர்கள்: ஃபுஜிடோரா, ரியோகுக்யூ. ஒருவர் பெயரில் புலி, இன்னொருவர் பெயரில் எருது. மொமோட்டாரோ கதையில் இவை இரண்டும் கிடையாதே?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய ஜப்பானில் திசைகளுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர். வடகிழக்கு என்பது எருதுக்கும் புலிக்கும் நடுவே வருவது, அதை உஷிடோரா, எருதுப்புலி என்றே சொல்வார்கள். அந்த மூலைதான் ஒனிகள் வரும் வாசல். அதனால்தான் ஒனிக்கு எருதின் கொம்பும் இடுப்பில் புலித்தோலும். ('உருசெய் யட்சுரா'வில் லம் என்ற பெண் புலிக்கோட்டு உடையிலேயே சுற்றுவதற்கும் காரணம் இதுவே, அவள் ஒனி.) நம் வாஸ்துவில் ஈசானிய மூலை என்று பூஜை அறை வைக்கும் அதே வடகிழக்கை அங்கே பேய் வாசல் என்று அடைக்கிறார்கள். கியோட்டோ அரண்மனை மதிலின் வடகிழக்கு முனையை வேண்டுமென்றே உள்ளே மடக்கிக் கட்டி, அங்கே ஒரு குரங்குச் சிற்பத்தைக் காவல் வைத்திருக்கிறார்கள். ஏன் குரங்கு? திசைச் சக்கரத்தில் புலிக்கு நேர் எதிரே இருப்பது குரங்கு. அதற்கு அடுத்தவை கோழி, நாய். மொமோட்டாரோ ஏன் இந்த மூன்றையும் கூட்டிக்கொண்டு போனான் என்பதற்கே இப்படி ஒரு விளக்கம் ஜப்பானில் சொல்வார்கள்.

ஆக முதல் மூன்று அட்மிரல்கள் ஒனியை எதிர்ப்பவர்கள், புதிதாக வந்த இருவரும் பெயரளவில் ஒனியின் திசை. இதுவரை குறியீடு. இதற்கு மேல், 'எனவே இந்த இருவரும் ஒருநாள் கடற்படைக்கு எதிராகத் திரும்புவார்கள்' என்று யாராவது சொன்னால், அங்கே தியரி ஆரம்பிக்கிறது.

நமக்குத் தெரிந்த பெயர்கள் செய்யும் வம்பு

சின்னச் சின்ன அடையாளங்கள் நிறைய உண்டு. நாலு என்ற எண்ணின் ஓர் உச்சரிப்பு 'ஷி', சாவுக்கும் அதே ஒலி. செப்டம்பரில் கல்லறைப் பக்கம் பூக்கும் சிவப்பு ஹிகன்பானா பூ ஒரு காட்சியில் தலைகாட்டினால் பிரிவோ சாவோ பக்கத்தில் இருக்கிறது. கிமோனோவில் இடப் பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப் பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இதில் ஒரு வேடிக்கை, 1990கள் வரை மங்காவை ஆங்கிலத்தில் வெளியிட்டவர்கள் இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பி அச்சடித்தார்கள். சாமுராய்கள் எல்லாம் இடது கைக்காரர்கள் ஆனார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் பிண உடையில் நடமாடினார்கள். இன்றைக்கும் காப்பிரைட்டிலிருந்து தப்பிக்கக் காட்சியைத் திருப்பிப் போட்ட எடிட்டைப் பார்த்துவிட்டு 'கவனிச்சீங்களா, கிமோனோ!' என்று கிளம்பிவிடாதீர்கள்.

நாம் அதிகம் வழுக்கி விழுவது வேறு இடத்தில், தெரிந்த பெயர் வரும்போது. பௌத்தத்தோடு சேர்ந்து இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பானுக்கு ஒரு தெய்வக் கூட்டமே போயிருக்கிறது. சரஸ்வதி அங்கே பென்சாய்டென், வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியம் வைத்திருக்கிறாள். எமன் அங்கே என்மா, டிராகன் பாலில் பெரிய மேஜைக்குப் பின்னால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் சொர்க்கமா நரகமா என்று முத்திரை குத்திக்கொண்டிருப்பாரே, அவர்தான். பொய் சொன்னால் என்மா நாக்கைப் பிடுங்கிவிடுவார் என்று ஜப்பானிய வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவதுண்டு. இந்த உறவெல்லாம் உண்மை.

ஆனால் உறவு உண்மை என்பதற்காகப் பொருளும் அதேதான் என்று நினைத்தால் கதையே தலைகீழாகிவிடும். நருட்டோவின் பின்பகுதியில் இந்திரா, அசுரா என்று அண்ணன் தம்பி வருகிறார்கள். நம்மவர்களில் பலர், நான் உள்பட, இந்திரன் என்றால் தேவன், அசுரன் என்றால் வில்லன் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தோம். அங்கே பாசக்காரத் தம்பிதான் அசுரா, நருட்டோ அவன் வழியில் வந்தவன். ஜப்பானில் அசுரா என்றதும் மனசில் வரும் முகம் வேறு. நாரா நகரத்தில் கோஃபுகுஜி கோயிலில் எட்டாம் நூற்றாண்டு அசுரா சிலை ஒன்று இருக்கிறது. மூன்று முகம், ஆறு மெல்லிய கைகள், புருவத்தைச் சுளித்து ஏதோ வருத்தத்தில் இருக்கும் ஒரு பையனின் முகம். அதைப் பார்க்க அங்கே கூட்டம் அலைமோதும். கடைசிச் சண்டையில் நருட்டோ மூன்று முகமும் ஆறு கையுமாக எழுந்து நிற்கும்போது அவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்தப் பையன்தான். 'ஷாரிங்கன் (இட்டாச்சி குலத்தின் அந்தக் கண் வித்தை) என்பது சிவனின் நெற்றிக்கண்' என்று வீடியோ போடுகிறவர்கள் நாராவுக்குப் போக வேண்டாம், அந்தச் சிலையின் போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் அக்கா பையனுக்கு இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ஷின்சான் விவகாரம் முடிந்த சாயங்காலம் அவனை உட்கார வைத்து டொட்டோரோ போட்டுக் காட்டினேன். ஜிசோ வந்ததும் நிறுத்தி, யார் இவர் என்று சொன்னேன். ரொம்ப நல்லவர் போலிருக்கே என்றான். என் வாய் சும்மா இருக்கவில்லை, ஜப்பான் பௌத்தத்தில் இந்த ஜிசோவும் என்மாவும் ஒருவரே என்று ஒரு நம்பிக்கை உண்டு, தீர்ப்புச் சொல்லும்போது எமன், காப்பாற்றும்போது ஜிசோ என்று எடுத்துவிட்டேன். அது உண்மைதான், அங்கே பல நூற்றாண்டாக இருக்கிற நம்பிக்கை.

பையன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ மேய் பாப்பா எமன் காலடியில உட்கார்ந்திருக்கா. செத்துட்டாளா மாமா?"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "டேய், திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.